மணவறைக் கமெராவும் சமூக வரலாறும்

திருமண வீடியோ என்றதும் இளநகை புரிவது தமிழ்ப் புலமை உலகின் வழக்கமாகிவிட்டது. கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, ஒல்லாந்தர் காலத்து உறுதி ஆகியவற்றையே வரலாற்று மூலங்களெனக் கற்றுவந்த ஒருவருக்கு, தாமரைப் பூவொன்றின் நடுவிலிருந்து மணமக்கள் தோன்றிச் சினிமாப் பாடலொன்றுடன் மறைந்துபோகும் மூன்று மணிநேர நாடா நகைப்புக்கிடமாகப் படுவதில் வியப்பில்லை. மறுபுறத்தில் வேறொரு குரலும் இன்று உரத்துக் கேட்கின்றது. திருமண ஒளிப்பதிவாளர் தம்மை நினைவுகளின் காவலர் என்றும், குடும்ப வரலாற்றை எழுதுபவர் என்றும் விளம்பரஞ் செய்கின்றார். அவ்விளம்பரத்தை அப்படியே ஏற்று, ஒரு தலைமுறை மணப்பெண்களின் வரலாறு பதிவாகி முடிந்துவிட்டது என மனநிறைவு கொள்வோரும் உளர். முதலாஞ் சாரார் ஆவணத்தைக் குப்பையென ஒதுக்குகின்றனர். இரண்டாஞ் சாரார் விளம்பரத்தை ஆவணமெனக் கொள்கின்றனர். இவ்விரு சாராருக்குமிடையில் அழிந்துகொண்டிருப்பது, கடந்த நாற்பது ஆண்டுக் காலத்தில் இலங்கைத் தமிழர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு சிதறினர் என்பதற்கு எஞ்சியுள்ள அசையும் படச் சான்றுகளுட் பெரும்பகுதியாகும்.

முதலாஞ் சாராரின் வாதம் எளிதானது. திருமண வீடியோ பணங் கொடுத்தவரின் விருப்பத்திற்கு எடுக்கப்பட்டது. ஆகவே அது பொய். ஆகவே அது வரலாற்றுக்கு உதவாது என்பது அவர்தம் கட்சி. இவ்வளவுகோலைச் சிறிது பின்னோக்கிப் பிடித்துப் பார்த்தல் தகும். சோழ மன்னரின் மெய்க்கீர்த்திகள் யாருடைய விருப்பத்திற்குப் பொறிக்கப்பட்டன? யாழ்ப்பாண வரலாற்றுக்கு முதனூலெனப் போற்றப்படும் யாழ்ப்பாண வைபவமாலையை மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின் பேரிலேயே இயற்றினார் என்பது யாவருமறிந்தது. தேசவழமையின் கதையும் இதுவே. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி ஆளுநரின் கட்டளைப்படி அதனைத் தொகுத்தளித்தபோது, அது சரியென ஒப்பமளித்தோர் 12 முதலிமார். அத்தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. ஒப்பமளித்தோருள் அடிமை எவருமிலர். இருந்தும் தேசவழமை எழுந்த சூழலையும் அதன் சார்பையும் கருத்திற்கொண்டு அதனைப் பயன்படுத்த வரலாற்றாசிரியர் கற்றுக்கொண்டுள்ளனர். பணங் கொடுத்தவருக்காக எழுதப்பட்ட ஓலை ஆவணமாகலாம், பணங் கொடுத்தவருக்காக எடுக்கப்பட்ட நாடா ஆவணமாகாது என்பது ஆராய்ச்சி நெறியன்று. பழமையின்பாற் கொண்ட பக்தியும், 'படம் பிடிக்கிறவன்' என்று ஒரு தொழிலாளியை இழித்து நோக்கும் மத்தியதர வர்க்க மனப்பாங்குமே அதன் அடியிலுள்ளவை.

இந்நாடாக்கள் தோன்றிய சூழலை நோக்கின் அவற்றின் பெறுமதி தெளிவாகும். 1977 இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1979 இல் இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982 இல் ரூபவாஹினி வந்தது. ஜப்பானில் 1976 இல் விற்பனைக்கு வந்த வீ.எச்.எஸ். முறை, மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவரின் பயணப் பொதிகளுடன் 'டெக்' என்ற பெயரில் ஊர்களுக்குள் நுழைந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த அதே காலத்தில், தோளிற் சுமக்கும் கமெராவும் மணவறைக்கு வந்து சேர்ந்தது. இவை யாவும் பொருளாதார மாற்றத்தின் விளைவுகள். ஆனால், தமிழரிடையே திருமண வீடியோ பெற்ற வேகத்தையும் உருவத்தையும் பொருளாதாரம் ஒன்றினால் மட்டும் விளக்கிவிட இயலாது. 1983 யூலை வன்செயலும் அதனைத் தொடர்ந்த போரும் ஒவ்வொரு குடும்பத்தையும் பல நாடுகளிற் பிரித்துவைத்தன. அண்ணன் பாரிசில், அக்கா ரொறன்ரோவில், மாமா சூரிச்சில் என்றாகிவிட்ட குடும்பத்தில் தங்கையின் திருமணத்துக்கு வர இயலாதோரின் தொகை வந்தோரின் தொகையை விஞ்சியது. வீடியோ அவர்களுக்காகவே எடுக்கப்பட்டது. அது கடிதம்; மூன்று மணிநேரக் கடிதம்.

கடிதம் என்பதனாலேயே அதன் இலக்கணமும் வேறாயிற்று. இன்று அந்நாடாக்களைப் பார்ப்போர் பொறுமையிழக்கும் பகுதி பந்திக் காட்சியாகும். வாழையிலைக்கு முன் அமர்ந்திருப்போரை ஒருவர் பின் ஒருவராகக் கமெரா மெல்லக் கடந்து செல்லும். சிலர் வெட்கத்தினால் தலை குனிவர். கிழவர் ஒருவர் மென்றபடி நிமிர்ந்து பார்ப்பார். சிறுவர் இருமுறை மும்முறை இடம் மாறித் தோன்றுவர். கலை நோக்கில் இது சலிப்பூட்டுவதே. ஆயினும் ஐந்து ஆண்டுகளாக ஊரைக் காணாத ஒருவருக்கு இதுவே வீடியோவின் உயிர்ப்பகுதி. யார் இன்னும் உயிரோடிருக்கின்றார், யார் மெலிந்துவிட்டார், எந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டது, எந்த வீட்டார் வரவில்லை என்பனவெல்லாம் அதிலேயே அறியப்பட்டன. ஒளிப்பதிவாளர் இதனை நன்குணர்ந்திருந்தார். எவரையும் விட்டுவிடக்கூடாது என்பதே அவருக்கிடப்பட்ட கட்டளை. சமூக வரலாற்று மாணவர் ஒருவருக்கு இதனைவிடச் சிறந்த குடிமதிப்பு எங்கு கிடைக்கும்? ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிச்சியின் உறவுவட்டம் முழுவதும், உடை, அணி, வயது, இருக்கை ஒழுங்கு ஆகியவற்றுடன் பதிவாகியிருக்கின்றது. யார் யாருடன் ஒரே வரிசையில் அமர்ந்துண்டார் என்பது யாழ்ப்பாணச் சமூகத்தில் அற்ப விடயமன்று. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் பொது இடங்களைப் பற்றியே பேசியது. வீட்டுப் பந்தியை எட்டும் ஆற்றல் அதற்கில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவின் முன் நடந்த போராட்டம் செய்தித்தாள்களிற் பதிவாகியுள்ளது. பந்தியில் நடந்தது எங்கே பதிவாகியுள்ளது? பிற்காலத்து நாடாக்களில், தேடத் தெரிந்த கண்ணுக்கு, அது கிடைக்கலாம்.

நாடா பயணஞ் செய்த வழியும் வரலாற்றின் பாற்பட்டதே. இலங்கையிற் பயன்பட்டது பால் முறை: 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டங்கள். கனடாவில் வழங்கியது என்.ரி.எஸ்.சி. முறை: 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள். பிரான்சுக்கு வேறொரு முறை. யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவை அடைந்த நாடா அங்குள்ள சாதாரண இயந்திரத்தில் ஓடாது. மாற்றுப் பிரதி எடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் படம் சற்று மங்கும். அதிலிருந்து அத்தைக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று எனப் பிரதிகள் பெருக, முகங்கள் கரைந்து வெண்புள்ளிகளாகும். ஒரே குடும்பத்தின் திருமணம் மூன்று நாடுகளில் மூன்று தெளிவுகளிற் பார்க்கப்பட்டது. எதிர்த்திசையிலும் நாடாக்கள் வந்தன. மணமகன் மேற்கிலிருந்து ஊருக்கு வர இயலாத நிலையிற் பெண் சென்னைக்கோ திருச்சிக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பப்பட்டாள். பயணஞ் செய்ய வழியற்ற தாய் தன் மகளின் கழுத்திற் தாலி ஏறியதை வீட்டு விறாந்தையில், மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கிடையே, நாடாவிலேயே கண்டாள். அந்தத் தாய்க்கு அதனை 'விரயச் செலவு' என்று விளக்கும் துணிவு விமர்சகர் எவருக்கேனும் உண்டா என்பது வேறு விடயம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கான மின்வழங்கல் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் வெளியேறியபோது கையிற் கிடைத்ததையே எடுத்துச் சென்றனர். அல்பங்களும் நாடாக்களும் வீடுகளோடு போயின. 1990 இலிருந்து பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட வலிகாமம் வடக்கில், பல குடும்பங்களுக்குத் திரும்பிச் செல்ல வீடே எஞ்சவில்லை. 2009 இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளில் அத்திவாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மண்டபத் திருமணம் பெருகுவதற்கு முன்னர், திருமணம் பெண் வீட்டு முற்றத்திலேயே நடந்தது என்பதை இங்கு நினைவுகொள்ள வேண்டும். கமெரா மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வீடு இருந்தது. கிணறும், துலாவும், கிடுகு வேலியும், கதியாலும், ஒழுங்கையும், ஒழுங்கை முடக்கிற் கோயிற் கூரையும் இருந்தன. மாப்பிள்ளை அழைப்பின்போது கார் ஊர்ந்து சென்ற தெருவின் இருமருங்கும் பதிவாகின. அந்தத் தெரு இன்றில்லாதவிடத்து, அந்தக் கார்ப் பயணத்தின் பத்து நிமிடங்கள் ஊர் வரைபடத்துக்குச் சமம். பிரித்தானியாவில் 1976 இல் நிறுவப்பட்ட கிழக்கு அங்கிலியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்றவை சாதாரண மக்கள் எடுத்த குடும்பப் படங்களையும் பேணுவதற்குக் காரணம் இதுவே. அங்கு ஊர் இருக்கையிலேயே படத்தைக் காத்தனர். இங்கு ஊரே போன பின்னரும் படம் பரணில் பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றது.

இனி இரண்டாஞ் சாரார். இன்றைய திருமண ஒளிப்பதிவு தொழில்நுட்பத்தால் வளர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ட்ரோன் கமெரா மண்டபத்தின் மேல் வட்டமிடுகின்றது, மணநாளுக்கு முன்னரே கடற்கரையிலும் தேயிலைத் தோட்டத்திலும் தனிப் படப்பிடிப்பு நடைபெறுகின்றது. ஆயின் இதனை வரலாற்றுப் பதிவென்று கூறுவோர் ஒரு சிறு உண்மையைக் கவனிக்கத் தவறுகின்றனர். பழைய கமெராவின் உணரி சிறியது. ஆதலால் முன்னிற்பவரும் பின்னிற்பவரும் ஏறத்தாழ ஒரே தெளிவுடன் விழுந்தனர். இன்றைய பெரிய உணரியும் அகன்ற துவார வில்லையும் மணப்பெண்ணின் கண்மடலைத் துல்லியமாகக் காட்டி, அவளுக்குப் பின்னாலுள்ள உலகம் முழுவதையும் ஒளிக்குமிழிகளாகக் கரைத்துவிடுகின்றன. பின்னணியே வரலாறு என்றால், வரலாறு வேண்டுமென்றே மங்கலாக்கப்படுகின்றது. மணப்பெண்ணுக்கு மாமியும் இல்லை, மண்டபத்தைக் கூட்டியவரும் இல்லை; அவளும் அவனும் ஒளியும் மட்டுமே எஞ்சுகின்றனர். தனிமனிதவாதம் பற்றி நூல்களிற் படித்து மனனஞ் செய்வதை விட, இத்தகைய ஐந்து நிமிடச் சுருக்கப் படமொன்றைப் பார்ப்பது பயன்தரும்.

அதனினும் பெருங்கேடு கத்தரிப்பின் பின் நிகழ்வது. ஒரு திருமணத்தின் மூலப்பதிவு இன்று நூற்றுக்கணக்கான கிகாபைற் கொள்ளளவை நிரப்புகின்றது. வன்தட்டு இடம் பணமாகும். எனவே, முடிந்த படம் கையளிக்கப்பட்டுச் சில மாதங்கள் கழிந்ததும் மூலப்பதிவை அழிப்பது தொழில் வழக்கமாகியுள்ளது. மூன்று மணிநேர நாடாவில் எஞ்சிய பந்தியும் வாசலும் முற்றமும் இன்று அழிப்பானின் வழியே செல்கின்றன. பழைய நாடாவைப் புனிதமாக்குவது இங்கு நோக்கமன்று. அங்கும் நாதஸ்வரத்தையும் மந்திரத்தையும் மழுங்கடித்துச் சினிமாப் பாடல் ஏற்றப்பட்டது. இதயவடிவச் சட்டங்களுக்குள் மணமக்கள் சிறைவைக்கப்பட்டனர். ஆயினும் வெட்டுவது அன்று கடினமாயிருந்தது. அச்சோம்பலே ஆவணத்தைக் காத்தது எனலாம்.

கமெரா காணாதவை பற்றியும் கூறவேண்டியுள்ளது. பொன்னுருக்கல், கன்னிக்கால், கூறை கொடுத்தல், தாலி கட்டல், அம்மி மிதித்தல், பூதாக்கலம் என்று சடங்கு முழுவதும் படமாகும். சீதன உறுதி எழுதப்பட்டது படமாகாது. 1707 இன் தேசவழமை, திருமணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பற்றியே பேசுகின்றது. 1911 இன் கட்டளைச் சட்டமும் அவ்வாறே. ஒல்லாந்த அதிகாரி கூச்சமின்றி எழுதியதை மூன்று நூற்றாண்டு கழித்து வந்த கமெரா கூச்சத்துடன் மறைத்தது. ரொக்கமும், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சேரும் 'டொனேஷன்' என்ற நாகரிகப் பெயர் பூண்ட தொகையும் எந்த நாடாவிலும் இல்லை. நகை இருக்கின்றது, அதன் விலை இல்லை. மாப்பிள்ளை நடந்துவரும் வழியில் விரிக்கப்பட்ட நிலபாவாடை தெளிவாகத் தெரியும். அதனை விரித்த சலவைத் தொழிலாளியின் கை சட்டத்தின் ஓரத்தில் ஒரு கணம் தோன்றி மறையும். அடுப்படியிற் புகையில் நின்றோரைக் கமெரா எட்டிப் பார்ப்பதேயில்லை. ஆகவே, திருமண வீடியோவைத் தனியே வைத்துப் படிப்பவன் ஏமாறுவான். காணிப் பதிவகத்திலுள்ள உறுதியையும் வீடியோவையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே, எது காட்டப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்ற வினா எழும். மட்டக்களப்பில் இவ்வினாவின் வடிவம் வேறாகும். தாய்வழிக் குடிமுறையும், வீடு மகளுக்கே சேரும் வழக்கமும் உள்ள அங்கு, மணமக்களுக்குப் பின்னால் தெரியும் வீடே பெரும்பாலும் சீதனமாயிருக்கும். மலையகத் திருமணங்களின் பதிவுகள் தனி ஆய்வுக்குரியன.

இன்னொரு பார்வையாளரையும் மறத்தலாகாது: தூதரகத்து அதிகாரி. இலங்கைத் தமிழரின் நாடு கடந்த திருமணங்களைப் பற்றி மானிடவியலாளர் சித்தார்த்தன் மௌனகுரு எழுதி 2019 இல் வெளியான நூல், திருமணப் படங்கள் விசா விண்ணப்பத்தில் மெய்த்திருமணம் என்பதற்குரிய சான்றாகப் பயன்படுவதை விரிவாக ஆராய்கின்றது. சடங்கு குறைவின்றி நடந்ததா, இருவீட்டாரும் வந்தனரா, மணமக்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்போற் தோன்றுகின்றனரா என்று அந்நியர் ஒருவர் ஆராய்வார் என்ற அச்சம் மணவறையினுள்ளேயே நுழைந்துவிட்டது. எனவே, படத்திலுள்ள புன்னகை யாருக்காகப் பூக்கப்பட்டது என்று கேட்பது மணப்பெண்ணை இழிவுபடுத்துவதாகாது. ஓர் இனத்தின் திருமணச் சடங்கு, குடிவரவு அதிகாரியின் மேசைக்கேற்ப ஒழுங்குபடுத்தப்பட நேர்ந்தமை அப்பெண்ணின் குற்றமன்று.

இவற்றையெல்லாம் அறிந்தவர் ஒருவர் உளர். அவரை எவரும் கேட்பதில்லை. எண்பதுகளில் கமெராவைத் தோளில் ஏற்றிய ஒளிப்பதிவாளர் இன்று முதுமையெய்தியுள்ளார். எந்த அறைக்குள் வரவேண்டாமென்று தடுக்கப்பட்டார், எந்த உறவினரைத் தவிர்க்குமாறு சாடைகாட்டப்பட்டார், எந்த வீட்டுத் திருமணத்துக்கு அவர் அழைக்கப்படவேயில்லை, குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் ஐயர் மந்திரத்தை நிறுத்தினாரா தொடர்ந்தாரா என்பதற்கு அவரே சாட்சி. நாடாவில் இல்லாத பாதி அவர் நினைவில் உண்டு. மணவறைக்கும் சமையற்கட்டுக்கும், மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும், ஒரே நாளில் சென்றுவர உரிமை பெற்றவர் அவரையன்றி எவருமிலர். கலைப்பீடங்களின் இறுதியாண்டு ஆய்வேடுகளிற் தலைப்புக்கள் மீண்டும் மீண்டும் வருவதாக விரிவுரையாளர் குறைப்படுவதுண்டு. ஓர் ஒளிப்பதிவாளரின் நாற்பதாண்டுத் தொழில் வாழ்வு ஆய்வேட்டுக்குரிய தலைப்பாகாது என்று எந்தச் சட்டவிதி கூறுகின்றது?

குடும்ப அந்தரங்கம் என்ற மறுப்பு எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. அப்பெண் இன்று மணவிலக்குப் பெற்றிருக்கலாம். கணவன் காணாமற் போனோர் பட்டியலில் இருக்கலாம். பந்தியில் அமர்ந்திருந்த இளைஞனின் முகம் எவருக்கும் காட்டப்படக் கூடாததாயிருக்கலாம். மணமகளின் சம்மதமின்றி ஒரு நாடாவும் பெறப்படக்கூடாது. குடும்பத் தலைவரின் சம்மதம் அவளது சம்மதமாகாது. பெற்றபின்னும், இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கப்படாது என்ற நிபந்தனையை அவளே விதிக்கலாம். ஆவணக் காப்பகங்கள் தனியார் கடிதங்களை இவ்வாறுதான் பேணிவருகின்றன. அந்தரங்கத்தைக் காரணங்காட்டி அழியவிடுவோர், அதே மணப்பெண்ணின் படம் ஸ்ரூடியோவின் விளம்பரப் பலகையில் தொங்கும்போது வாய்திறப்பதில்லை.

காலமோ குறுகியது. நாடாவின் பொலியெஸ்ரர்ப் பட்டியில் உலோக ஒட்சைட்டைப் பிணைத்துவைக்கும் பசை ஈரப்பதனை உறிஞ்சித் தளர்கின்றது. இந்நாட்டின் காற்றில் அது விரைந்து நிகழும். வீ.எச்.எஸ். இயந்திரத்தைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று எஞ்சியிருப்பவை பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டப்படும் பழைய இயந்திரங்களே. 2005 இற் தொடங்கிய நூலகத் திட்டம், 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த சமூகத்தில், அச்சேறியவற்றை எண்ணிமப்படுத்துவதற்குத் தன்னார்வமே போதிய தொடக்கம் என்பதைக் காட்டியுள்ளது. நாடாவை எண்ணிமப்படுத்துவதற்கு ஓடக்கூடிய பால் முறை டெக் ஒன்றும், படத்தைக் கணினிக்குள் வாங்கும் சிறு கருவியொன்றும், இரண்டு வன்தட்டுகளும் தேவை. மூன்று மணிநேர நாடா ஒன்றைப் பிரதிசெய்ய மூன்று மணிநேரம் செல்லும். அருகில் ஒருவர் அமர்ந்து, திரையில் தோன்றுவோரின் பெயர்களை மணமகளிடமோ அவள் தாயிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ள அந்நேரம் போதுமானது.